வீட்டுப் பட்டறைக் கம்ப்ரசரில் பழுதான ரெகுலேட்டரைச் சரிசெய்தல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது, 24 அல்லது 50 லிட்டர் டேங்கின் மேல் மோட்டாரும் பம்ப்பும் நேரடியாகப் பொருத்தப்பட்ட, ஏறத்தாழ 2 குதிரைத்திறன் கொண்ட கம்ப்ரசரைத்தான். மரச்சாமான்களுக்குப் பெயின்ட் அடிப்பது, வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றுப் பிடிப்பது, காற்றில் இயங்கும் ஆணிக் கன்னை ஓட்டுவது, தூசு ஊதுவது என எல்லா வேலைக்கும் இந்த ஓர் இயந்திரம் போதும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் வேண்டிய அழுத்தம் வேறு. டேங்கில் 8 பார் வரை ஏறி நிற்கும் காற்றை, கருவிக்கு வேண்டிய 2 பாருக்கோ 3 பாருக்கோ இறக்கிக் கொடுக்கும் உறுப்புதான் ரெகுலேட்டர். இது பழுதானால் பெயின்ட் சீராக விழாமல் சிதறும், அல்லது வேலை நடுவில் காற்று போதாமல் கன் திணறும், அல்லது யாரும் தொடாமலேயே இரவு முழுக்கச் சீறி, விடிவதற்குள் டேங்க் காலியாகிவிடும்.

இந்தப் பழுதுகளில் பலவற்றை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். பெரிய கருவிகளும் தேவையில்லை. ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், பழுது உண்மையிலேயே ரெகுலேட்டரில்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். குமிழோடும், அழுத்தத்தைக் காட்டும் கேஜோடும் கண்ணெதிரே துருத்திக்கொண்டு நிற்பதால், கம்ப்ரசரில் எது கெட்டாலும் பழி முதலில் இதன் மேல்தான் விழுகிறது. நல்ல ரெகுலேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது மாட்டி, அதற்குப் பிறகும் அதே சீறலைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் குறைவல்ல. அதனால் இந்தக் கட்டுரையில் கழற்றிப் பூட்டுவதற்குத் தரும் இடத்தைவிட, பழுதைக் கண்டுபிடிப்பதற்குச் சற்று அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

ரெகுலேட்டருக்குள் நடப்பது

ரெகுலேட்டரின் உள்ளே இரண்டு விசைகள் ஒன்றை எதிர்த்து ஒன்று நிற்கின்றன. குமிழை வலப்பக்கம் திருகும்போது அதன் அடியிலுள்ள பெரிய ஸ்பிரிங் அமுங்கி, டயாபிரம் எனப்படும் வட்டமான ரப்பர்த் தகட்டைக் கீழே தள்ளுகிறது. டயாபிரம் தன் நடுவில் இருக்கும் ஊசியைத் தள்ள, ஊசியின் மறுமுனையில் உள்ள வால்வு தன் இருக்கையை விட்டு விலகுகிறது. டேங்க் காற்று வெளிவாய்ப் பக்கம் நுழைகிறது. அப்படி நுழைந்த காற்று டயாபிரத்தை அடியிலிருந்து மேலே தள்ளும். அந்தத் தள்ளலும் ஸ்பிரிங்கின் அமுக்கமும் சமமாகும் கணத்தில், வால்வுக்குக் கீழேயுள்ள சிறிய ஸ்பிரிங் வால்வை மீண்டும் இருக்கையில் அமர்த்திவிடுகிறது. கன்னின் விசையை அழுத்தியதும் வெளிவாய் அழுத்தம் குறைகிறது, வால்வு மறுபடி திறக்கிறது. வேலை நடக்கும் நேரம் முழுவதும் இந்தத் திறப்பும் மூடலும் இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலான ரெகுலேட்டர்களில் டயாபிரத்தின் நடுவில் ஒரு நுண்துளை உண்டு. ஊசியின் முனை அதை அடைத்துக்கொண்டிருக்கும். குமிழை இடப்பக்கம் தளர்த்தினால், வெளிவாயில் இருக்கும் அதிகக் காற்று டயாபிரத்தை மேலே தூக்கி, அந்தத் துளை வழியாக ஏறி, குமிழுக்குக் கீழேயுள்ள சிறு ஓட்டையில் வெளியேறிவிடும். எனவே குமிழைத் தளர்த்தும்போது ஓரிரு நொடி கேட்கும் சீறல் பழுதல்ல, அது அப்படித்தான் இயங்க வேண்டும். சில சிறிய கம்ப்ரசர்களில் டயாபிரத்துக்குப் பதிலாக ஓரிங் எனப்படும் ரப்பர் வளையம் போட்ட பிஸ்டன் இருக்கும். இயக்கம் அதே முறைதான்.

மோட்டாரை ஓடவைப்பதும் நிறுத்துவதும் ரெகுலேட்டரின் வேலையல்ல என்பதைப் புதியவர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்வது நல்லது. அது பிரஷர் சுவிட்சின் பொறுப்பு. டேங்க் கேஜின் முள் 8 பாரைத் தாண்டியும் மோட்டார் நிற்காமல் ஓடினால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பழுது சுவிட்சில் இருக்கிறது, ரெகுலேட்டரைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது.

பழுது எங்கே என்று பார்ப்பது

முதலில் குழாயையும் கன்னையும் கழற்றிவிடுங்கள். வெளிவாயில் இருக்கும் விரைவு கப்ளிங் தானாக மூடிக்கொள்ளும். குமிழை இடப்பக்கமாக, ஸ்பிரிங்கின் அழுத்தம் கையில் தெரியாத அளவுக்கு முழுவதும் தளர்த்துங்கள். பல மாதிரிகளில் குமிழை மேலே இழுத்தால்தான் திரும்பும், கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பிறகு கம்ப்ரசரை ஓடவிட்டு, டேங்க் நிரம்பி மோட்டார் தானாக நின்றதும் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள்.

மோட்டார் நின்ற உடனே பிரஷர் சுவிட்சின் அடியிலிருந்து ஒரு சிறு பெருமூச்சு வரும். பம்ப்பின் தலையில் தேங்கிய காற்றை அன்லோடர் வால்வு வெளியே விடுவதால் வரும் ஒலி அது, அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சீறல் நிற்காமல் தொடர்ந்தால், டேங்கின் மேல் பம்ப்புக் குழாய் வந்து சேரும் இடத்திலுள்ள, காற்றைத் திரும்பிப் போகவிடாத செக் வால்வு சரியாக மூடவில்லை, டேங்க் காற்றே பின்னோக்கி வந்து அன்லோடர் வழியாகக் கசிகிறது என்று பொருள். சுவிட்சும் ரெகுலேட்டரும் ஒரு சாண் இடைவெளிக்குள் இருப்பதால், இந்தச் சீறலை ரெகுலேட்டரின் சீறலாக எண்ணிவிடுவது மிக எளிது. டேங்க் காலியான நிலையில் செக் வால்வைத் திறந்து, உள்ளேயிருக்கும் ரப்பரைத் துடைத்து அல்லது மாற்றிப் போட்டால் அந்தச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

சுவிட்ச் அமைதியாக இருக்கிறதென்றால், பாத்திரம் துலக்கும் சோப்பை நீரில் நுரைவரக் கரைத்து, ஒரு பழைய பெயின்ட் பிரஷால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவுங்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்ப்பதன் மறுவடிவம்தான் இது. கேஜ் மாட்டிய இடம், ரெகுலேட்டர் சுவிட்சோடு சேரும் நிப்பிள், கப்ளிங், ரெகுலேட்டரின் அடிமூடி, குமிழுக்குக் கீழேயுள்ள ஓட்டை என எதையும் விட்டுவிட வேண்டாம். சுவிட்சின் மின்கம்பி மூடிக்குள் மட்டும் சோப்பு நீர் போகக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டே இதைச் செய்யுங்கள். மரையிணைப்பில் குமிழி வந்தால் அது மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பால் தீரும் வேலை. ரெகுலேட்டரைத் திறக்கவே வேண்டியதில்லை.

இனி ரெகுலேட்டரையே சோதிக்கலாம். குமிழ் முழுவதும் தளர்ந்திருக்கும்போது வெளிவாய்க் கேஜ் சுழியத்தில் நிற்க வேண்டும். அது மெல்ல ஏறினாலோ, குமிழின் கீழேயுள்ள ஓட்டையில் காற்று வந்துகொண்டே இருந்தாலோ, வால்வு தன் இருக்கையில் சரியாக அமரவில்லை. அதற்கு இடையில் துரு, மணல் துகள், டேப்பின் நார் ஆகியவற்றில் ஒன்று சிக்கியிருக்கலாம். அல்லது வால்வின் ரப்பர் முகம் வெட்டுப்பட்டிருக்கலாம்.

குமிழ் தளர்ந்த நிலையில் எல்லாம் அமைதியாக இருந்தால், மெதுவாக வலப்பக்கம் திருகி 3 பாருக்குக் கொண்டுவாருங்கள். இப்போது ஓட்டையில் சீறல் தொடங்கி நிற்காமல் வந்தால், டயாபிரம் கிழிந்திருக்கிறது அல்லது ஊசிமுனை நடுத்துளையில் சரியாக அமரவில்லை என்று கொள்ளலாம். தளர்ந்த நிலையிலும் சீறினால் வால்வு இருக்கை, திருகிய நிலையில் மட்டும் சீறினால் டயாபிரம்: இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சீறல் ஏதும் இல்லையென்றால் 3 பாரிலேயே பத்து நிமிடம் விட்டுவைத்துக் கேஜைப் பாருங்கள். முள் 3-லிருந்து 4-க்கும் 5-க்கும் ஊர்ந்து ஏறினால் அது இருக்கைக் கசிவின் மென்மையான வடிவம். இந்த ஊர்தலைப் பொருட்படுத்தாமல் விடுவதுதான் ஆபத்து. 3 பாருக்கு வைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கன்னை மாட்டி, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால், அதற்குள் குழாயில் டேங்க் அழுத்தமே வந்து நிற்கக்கூடும். குறைந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட கருவிகள் அதைத் தாங்காது.

கடைசியாகக் காற்று ஓடும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊதும் கன்னை மாட்டி, 4 பார் வைத்து, விசையை அழுத்துங்கள். முள் சற்று இறங்கி அங்கேயே நிற்பது எல்லா ரெகுலேட்டருக்கும் உள்ள இயல்பு. வால்வு அகலமாகத் திறக்க வேண்டுமானால் டயாபிரம் கீழே இறங்க வேண்டும், அது இறங்கும்போது ஸ்பிரிங் நீண்டு தன் வலுவைக் கொஞ்சம் இழக்கிறது. ஆனால் டேங்க் நிறைந்திருக்கையிலேயே முள் பாதிக்கும் கீழே சரிந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது. மாறாக, முள் ஓரளவு நிலையாக இருந்தும் கன்னில் காற்று போதவில்லை என்றால் குறை ரெகுலேட்டருக்கு அப்பால் இருக்கிறது. மெல்லிய சுருள் குழாயும், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கப்ளிங்குகளுமே அழுத்தத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

கேஜே பொய் சொல்லவும் கூடும். காற்று முழுவதும் போன பிறகும் முள் சுழியத்துக்கு வராமல் நின்றால் அந்தக் கேஜை மாற்றிவிட வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால், கருவி எதுவும் மாட்டாமல் குமிழை வலப்பக்கம் முழுவதும் திருகிப் பாருங்கள். ரெகுலேட்டரின் எல்லைக்குள் டேங்க் அழுத்தம் இருக்குமானால் இரண்டு கேஜ்களும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்ட வேண்டும். கேஜ்களில் அலகு வேறுபடும் என்பதால் ஒப்பிடும்போது கவனம் தேவை: 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, 0.1 மெகாபாஸ்கல், நம் ஊர்ப் பழைய கேஜ்களில் காணும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற அளவு 14.2 பிஎஸ்ஐ.

திறப்பதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அழுத்தம் குறைந்ததும் மோட்டார் தானே ஓடத் தொடங்கும் இயந்திரம் இது. பிறகு டேங்கின் அடியிலுள்ள டிரெயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்று முழுவதையும் விடுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் துரு கலந்த நீர். முகத்தை அருகில் கொண்டுபோகாமல், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேஜ்களும் சுழியத்துக்கு வந்த பிறகும், கேஜை நம்பாமல் சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பார்த்து, காற்று வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். டிரெயின் வால்வை வேலை முடியும்வரை திறந்தே வையுங்கள். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஸ்பிரிங் தெறித்தால் அது முதலில் தேடுவது கண்ணைத்தான்.

குமிழை இடப்பக்கம் முழுவதும் தளர்த்தியாயிற்றா என்று மறுபடி பாருங்கள். ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மேல்மூடியைக் கழற்றினால் மூடியும் ஸ்பிரிங்கும் துள்ளிப் போகும். பின்னர் கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரின் உடலில் காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அதைக் குறிப்பாகப் படமெடுங்கள், ஏனென்றால் தலைகீழாக மாட்டிய ரெகுலேட்டர் ஒழுங்காக இயங்காது.

சில மாதிரிகளில் ரெகுலேட்டர் இருந்த இடத்திலேயே மேல்மூடியையும் அடிமூடியையும் திறந்துவிடலாம். அது முடிந்தால் மரைகளைத் தொடாமல் அப்படியே செய்வதே நல்லது. கழற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு ஸ்பேனர்கள் தேவை. ஒன்றால் சுவிட்சின் அடியிலுள்ள இணைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் ரெகுலேட்டரைத் திருக வேண்டும். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் ரெகுலேட்டர் கழல்வதற்குப் பதில் சுவிட்ச் முழுவதும் சுழன்று, டேங்கோடு சேரும் மரை தளர்ந்துவிடும். அப்போது ஒரு வேலை இரண்டாகும். கழற்றிய ரெகுலேட்டரை வைஸில் பிடிப்பதானால் இருபுறமும் மரத்துண்டு வையுங்கள், அதன் உடல் மென்மையான வார்ப்பு உலோகம்.

உள்ளே பார்ப்பதும் துடைப்பதும்

மேல்மூடி சில மாதிரிகளில் மரையாலும், சிலவற்றில் நான்கு சிறு திருகாணிகளாலும் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறந்தால் ஸ்பிரிங், அதன் அடியில் ஒரு தட்டு, அதற்கும் கீழே டயாபிரம் என்ற வரிசையில் வரும். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, எடுத்த வரிசையிலேயே பொருள்களை அடுக்குங்கள். டயாபிரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெல்ல வளைத்துப் பாருங்கள். விளிம்பிலும், உலோகத் தட்டு தொடும் வட்டத்திலும்தான் விரிசல் தொடங்கும். ரப்பர் விறைத்து நெகிழாமல் போயிருந்தாலும் அதன் காலம் முடிந்தது. கிழிந்த டயாபிரத்தை ஒட்டவைக்க முயல வேண்டாம். சைக்கிள் டியூபில் வெட்டிப் போடும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். கனமும் நெகிழ்வும் மாறுவதால் அழுத்தம் நிலைக்காது, நடுத்துளையின் அமர்வும் சரியாக வராது.

அடிமூடியைத் திறந்தால் ஓரிங், சிறிய ஸ்பிரிங், ஊசியோடு கூடிய வால்வு ஆகியவை கையில் விழும். வால்வின் ரப்பர் முகத்தில் இருக்கையின் வட்டத் தடம் லேசாகப் பதிந்திருப்பது இயல்பு. அந்த வட்டம் ஓரிடத்தில் அறுந்திருந்தாலோ, துருத்துகள் புதைந்திருந்தாலோ அதுதான் நீங்கள் தேடிய பழுது. துகளை மரக் குச்சியால் எடுத்துவிட்டுத் துடைத்தாலே பல ரெகுலேட்டர்கள் சரியாகிவிடும். ஆழமான வெட்டு என்றால் வால்வை மாற்ற வேண்டும். சில மாதிரிகளில் ரப்பர் ஒரு தனி வட்டாக, இருபுறமும் தட்டையாக இருக்கும்; அதைத் திருப்பிப் போட்டு, புதிய வால்வு கிடைக்கும்வரை வேலையை ஓட்டலாம்.

உடலுக்குள் இருக்கும் இருக்கையின் விளிம்பை நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். நகம் எங்கும் இடறாமல் சுற்றிவர வேண்டும். இடறினால் அந்த உடலுக்கு இனி மருந்தில்லை. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் விளிம்பின் வட்டம் கெட்டு, கசிவு கூடத்தான் செய்யும். வெளிவாயிலிருந்து டயாபிரத்தின் அடிக்குச் செல்லும் ஒரு சிறு துளையையும் தவறாமல் பாருங்கள். வெளியே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை டயாபிரத்துக்குத் தெரிவிக்கும் வழி அது. அடைத்துக்கொண்டால் முள் தாறுமாறாக அலையும். மின்கம்பியிலிருந்து எடுத்த ஒற்றைச் செம்பு இழையால் அதைக் குத்தி எடுக்கலாம், எஃகு ஊசி வேண்டாம். உள்வாயில் சிறு வலை இருந்தால் அதையும் கழுவுங்கள். காற்று ஓடும்போது அழுத்தம் சரிகிறது என்ற புகாருக்கு அடிக்கடி விடை அங்கே கிடைக்கும்.

எல்லாவற்றையும் இளஞ்சூடான சோப்பு நீரில், பழைய பல் துலக்கும் பிரஷால் கழுவி, நார் உதிராத துணியால் துடைத்து, நிழலில் முழுவதும் உலரவிடுங்கள். தின்னரும் பெட்ரோலும் ரப்பரை ஊதச் செய்துவிடும். ரெகுலேட்டரோடு ஃபில்டர் சேர்ந்திருந்து, அதன் கிண்ணம் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக்காக இருந்தால், தின்னர் அதன் அருகில்கூடப் போகக் கூடாது. பாலிகார்பனேட் எனப்படும் அந்த பிளாஸ்டிக் தின்னர் பட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல் விட்டு, பின்னொரு நாள் அழுத்தத்தில் வெடிக்கும்.

ஓரிங்குக்கு மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவலாம். சிலிக்கோன் கிரீஸே சிறந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ரப்பரைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் பெயின்ட் அடிப்பதற்காகக் கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. காற்றோடு கலந்து போகும் சிறு துளி சிலிக்கோன்கூடப் பெயின்ட் பரப்பில் வட்ட வட்டமாகக் குழி விழச் செய்யும், அந்தக் குழியை மேலும் பெயின்ட் அடித்து மறைக்க முடியாது. ரெகுலேட்டர்களில் வழக்கமாக வரும் நைட்ரைல் ரப்பருக்குச் சாதாரண லித்தியம் கிரீஸ் தீங்கு செய்யாது. அதையும் விரல்நுனியில் ஒட்டும் அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். வால்வின் முகத்திலும் இருக்கையிலும் எதுவும் தடவக் கூடாது.

மீண்டும் பூட்டுவது

எடுத்த வரிசையைத் தலைகீழாக்கிப் பூட்ட வேண்டும். முதலில் அடிப்பக்கம்: வால்வை இருக்கையில் வைத்து, சிறிய ஸ்பிரிங்கை அதன் மேல் நேராக நிறுத்தி, ஓரிங் திருகிக்கொள்ளாமல் பார்த்து அடிமூடியைப் பூட்டுங்கள். பிறகு மேல்பக்கம்: டயாபிரத்தின் நடுத்துளை ஊசியின் முனைமேல் அமர்கிறதா என்று பார்த்து, விளிம்பு எங்கும் மடங்காமல் சமமாகப் படிய வையுங்கள். நான்கு திருகாணிகள் உள்ள மாதிரியானால் எதிரெதிர் மூலைகளாக, சிறிது சிறிதாக முறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் டயாபிரம் இழுபட்டுக் கோணும். மேல்மூடி பிளாஸ்டிக்காக இருந்தால் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரெகுலேட்டரை இடத்தில் மாட்டும்போது பழைய டேப்பின் துணுக்குகளை மரையிலிருந்து முழுவதும் சுரண்டி எடுங்கள். புதிய டெஃப்லான் டேப்பை, மரையின் நுனி உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் மூன்று நான்கு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே அவிழ்ந்து வரும். நுனியிலுள்ள முதல் மரையை வெறுமையாக விடுவது அழகுக்காக அல்ல. அங்கே சுற்றிய டேப் அறுந்து காற்றோடு உள்ளே போய், நீங்கள் இப்போதுதான் துடைத்துவைத்த அதே வால்வு இருக்கையில் சிக்கும்.

புதிதாக வாங்குவதானால்

உடலில் விரிசல், இருக்கையில் கீறல், மரை உதிர்வு ஆகியவற்றில் எது இருந்தாலும் பழுதுபார்ப்பதை விட்டுவிட்டுப் புதியது வாங்குவதே சரி. சிறிய கம்ப்ரசர்களோடு வரும் ரெகுலேட்டர்களுக்கு டயாபிரமும் வால்வும் தனியாகக் கிடைப்பது அரிது. தொழிற்சாலைத் தரத்தில் செய்யப்படும் ரெகுலேட்டர்களுக்குத்தான் உதிரிப் பெட்டி கிடைக்கும். கோயம்புத்தூர் போலப் பம்ப்பும் கம்ப்ரசரும் உருவாகும் ஊர்களில் தேடினால் கிடைக்கக்கூடும் என்றாலும், கிழிந்த டயாபிரத்தைக் கையில் கொண்டுபோய் அளவு பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய ரெகுலேட்டரை எடுத்துச் செல்லுங்கள். நம் நாட்டுக் கடைகளில் பிஎஸ்பி எனப்படும் பிரிட்டிஷ் அளவுக் குழாய் மரையே, கால் அங்குலத்தில், பெருவழக்கு. இணையத்தில் வாங்கினால் அமெரிக்க என்பிடி மரை வந்து சேரலாம். கால் அங்குலத்தில் முன்னதற்கு ஓர் அங்குலத்துக்கு 19 மரை, பின்னதற்கு 18. இரண்டு மூன்று சுற்று இயல்பாகப் போய், பிறகு இறுகிக்கொள்ளும். பலத்தால் முறுக்கினால் இரண்டு மரைகளும் கெடும், எவ்வளவு டேப் சுற்றினாலும் கசிவு நிற்காது. புதிய ரெகுலேட்டர், உங்கள் டேங்கின் உச்ச அழுத்தத்தைவிடக் குறையாத உள்வாய் அழுத்த எல்லை கொண்டதாகவும், குமிழைத் தளர்த்தினால் காற்றை வெளிவிடும் வகையாகவும் இருக்கட்டும்.

பழைய ரெகுலேட்டரைக் கெடுத்தது நீரும் துருவும்தான் என்றால், புதியதை அதே இடத்தில் மாட்டுவதால் மட்டும் பயன் குறைவு. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கடற்கரை ஊரில், 24 லிட்டர் டேங்கை ஒருமுறை 8 பாருக்கு நிரப்பினால், காற்று ஆறியதும் ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் நீர் உள்ளே தேங்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஒரு நாள் முழுவதும் பெயின்ட் அடிப்பவரின் டேங்கில் ஒரு குவளை நீர் சேர்வது அதனால்தான். கம்ப்ரசரின் மேலேயே ஃபில்டரை மாட்டினால் அது அதிகம் பிடிக்காது. அங்கே காற்று சூடாக இருப்பதால் நீர் ஆவியாகவே கடந்துவிடும். ஆகவே கம்ப்ரசரிலிருந்து சில மீட்டர் குழாய்க்கு அப்பால், காற்று ஆறியபின், ஃபில்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்த ஒரு தொகுதியைச் சுவரில் பொருத்தி, அழுத்தத்தை அங்கே அமைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஃபில்டர் முன்னும் ரெகுலேட்டர் பின்னும் வர வேண்டும்.

அந்தச் சில மீட்டர் தூரத்துக்கு வீட்டில் மிச்சமிருக்கும் பிவிசி தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தும் எண்ணம் பலருக்கும் வரும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். குழாயின் மேல் 10 பார் என்று அச்சிட்டிருந்தாலும் அது நீருக்கான அளவு. நீர் அமுங்குவதில்லை, அதனால் குழாய் விட்டால் ஒழுகுவதோடு முடியும். காற்று அமுங்கியிருக்கிறது, குழாய் விட்டால் பிவிசி சில்லுச் சில்லாக உடைந்து பட்டறை முழுக்கப் பறக்கும். காற்றுக்கென விற்கும் ரப்பர் ஹோஸ் அல்லது இரும்பு, செம்புக் குழாயே போட வேண்டும்.

ஓட்டிப் பார்த்து அழுத்தம் அமைப்பது

டிரெயின் வால்வை மூடி, குமிழ் முழுவதும் தளர்ந்திருக்க, கம்ப்ரசரை ஓடவிடுங்கள். டேங்க் 2 பாரைத் தொட்டதும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிச் சோப்பு நீரால் ஒருமுறை சோதியுங்கள். பெரிய கசிவு இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே தெரிந்துவிடும். பிறகு முழுவதும் நிரப்பி, தொடக்கத்தில் செய்த சோதனைகளை அதே வரிசையில் மறுபடி செய்யுங்கள். கசிவு தெரிந்தால் டேங்க் நிறைந்த நிலையில் மரையை இறுக்க முயல வேண்டாம், காற்றை விட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். அழுத்தம் இன்னும் போதவில்லை என்ற எண்ணத்தில் பிரஷர் சுவிட்சின் திருகாணியையோ சேஃப்டி வால்வையோ தொடுவதும் கூடாது.

அழுத்தத்தை எப்போதும் கீழிருந்து மேலே கொண்டுபோய் நிறுத்துங்கள். 4 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்க வேண்டுமானால், 2 பாருக்குத் தளர்த்திவிட்டு மறுபடி 3-க்கு ஏற்றினால்தான் ஸ்பிரிங்கும் மரையும் இறுகி நின்று, வைத்த இடத்தில் அளவு நிற்கும். காற்றை வெளிவிடாத வகை ரெகுலேட்டரானால், குமிழைத் தளர்த்தியதும் கன்னின் விசையை ஒருமுறை அழுத்திக் குழாயில் இருக்கும் காற்றைப் போக்கினால்தான் கேஜ் புதிய அளவைக் காட்டும். பெயின்ட் கன்னுக்கு, விசையை அழுத்திக் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவை அமைக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றில் இயங்கும் எச்விஎல்பி கன்களுக்கு உள்வாயில் சுமார் 2 பார் போதும். ஆணிக் கன்னுக்கு 5 முதல் 7 பார், நட் கழற்றும் இம்பாக்ட் கருவிக்கு 6 பாரை ஒட்டி வைக்கலாம். கருவியின் மேல் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அளவு அமைந்ததும் குமிழைக் கீழே அழுத்திப் பூட்டிவிடுங்கள். முதல் சில நாள்கள், வேலை தொடங்குமுன் வெளிவாய்க் கேஜ் முந்தைய நாள் வைத்த அளவிலேயே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; டேங்கின் ஏதோ ஒரு மூலையில் இருந்த துரு இன்னும் வந்துகொண்டிருந்தால், முதலில் காட்டிக்கொடுப்பது அந்த முள்தான், அப்போது அடிமூடியை மட்டும் மறுபடி திறந்து துடைத்தால் போதும்.